துப்பாமல் விழுங்கிய வேர்

போன மாதம் சரண்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு நியூஜெர்சி ஆய்வகத்தில் என் இடத்துக்கு வந்தவள். சென்னைப் பெண், படபடவென்று பேசுவாள்.

"ஆன்ட்டி, ட்ரெயினிங் ரூம்ல ஒரு போஸ்டர் இருக்கு. ஒரு லேடி வயித்தைப் பிடிச்சிட்டு நிக்கற மாதிரி கார்ட்டூன். கீழ 'நெவர் ஸ்வாலோ'ன்னு போட்டிருக்கு. அது நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமாவா?"

"பொட்டு வச்சிருக்காளா?"

"ஆமா ஆன்ட்டி. லேப் கோட் போட்டு, பொட்டு வச்சிருக்காங்க."

"அப்ப நானேதான்."

அவள் சிரித்தாள். இனிமேல் வேரை வாயில் வைத்துப் பார்க்கும் சோதனையே கிடையாதாம். எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளுமாம். போஸ்டரையும் கழற்றப் போகிறார்களாம். "உங்களுக்கு மெயில் பண்ணட்டுமா, மெமரிக்கு?" என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். போனை வைக்கும் முன் ஒன்று கேட்டாள்: "ஆனா ஏன் ஆன்ட்டி விழுங்கினீங்க? நீங்க அவ்வளவு எக்ஸ்பீரியன்ஸ்டு."

"பசிம்மா" என்றேன். அதற்கும் சிரித்தாள். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இந்த முறை போனை வைத்த பிறகு எனக்கே கூச்சமாக இருந்தது. வேலை செய்த காலத்தைப் பற்றி எழுது எழுது என்று என் வீட்டுக்காரர் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார். எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும்.

நான் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. கோயம்புத்தூரில் தாவரவியல் படித்தேன். நீலகிரியின் புல்வெளிகளில் முளைக்கும் ஒரு குட்டிச் செடியைப் பற்றி ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கினேன். கல்யாணமாகி அமெரிக்கா வந்தேன். விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லாமல் சில வருடங்கள் சமையலறை ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுமதி கிடைத்ததும், மூலிகை வேர்களையும் இலைகளையும் சோதித்துச் சான்று தரும் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்தேன். படிப்பையும் பயிற்சியையும் பற்றி இவ்வளவு போதும்.

அங்கே என் வேலை, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அதோடு கசப்பு பார்ப்பது. அதாவது வேரை வாயில் போட்டு மென்று, ருசியைச் சொல்லிவிட்டு, சக்கையைக் கோப்பையில் துப்புவது. இரண்டாவதை நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. "டெஸ்டிங்ல இருக்கேன்" என்பேன். இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு டெஸ்டிங் என்றால் சாஃப்ட்வேர்தான். ஒரு கொலு வீட்டில் ஒரு மாமி, "மேனுவலா, ஆட்டோமேஷனா?" என்று கேட்டார். "மேனுவல்" என்றேன். நல்ல வேளை, அதற்கு மேல் கேட்கவில்லை.

கசப்புக்கென்றே ஒரு வேர் இருக்கிறது. ஜென்ஷியன். நீலகிரியில் நான் ஆராய்ந்தது இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீலப்பூ, வெயிலுக்கு விரியும், மேகம் வந்தால் மூடிக்கொள்ளும். நியூஜெர்சிக்கு மூட்டை மூட்டையாக வந்தது இந்தக் குடும்பத்தின் பெரியவர். ஐரோப்பாவின் உயர்ந்த மலைகளில் ஆள் உயரத்துக்கு வளரும். கணுவுக்குக் கணு மஞ்சள் பூக்கள் அடுக்கடுக்காக இருக்கும். முதல் பூ பூக்கவே பல வருடங்கள் ஆகும். மருந்து வேரில்தான் இருக்கிறது. மணிக்கட்டு கனத்துக்கு இறங்கியிருக்கும் அந்த வேரைத் தோண்டி, மெதுவாகக் காயவைப்பார்கள். காயக் காயச் செம்பழுப்பாகி ஒரு மணம் வரும். வாயில் போட்டால் முதலில் லேசாக இனிக்கும். அடுத்த கணம் கசக்கும். பாகற்காயும் வேப்பம்பூவும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கே முதல் தடவை கண்ணில் நீர் வந்துவிட்டது.

சாப்பாட்டுக்கு முன் இதன் சாற்றில் சில சொட்டுகளை நாக்கில் விட்டால் எச்சில் ஊறும், இரைப்பை தயாராகும், பசி எடுக்கும். செரிமானம் மந்தமானவர்களுக்கும், நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கும் தருவார்கள். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு ஆகாது. நம் நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்பு என்று தருவது வேறு குடும்பம், கசப்பில்தான் ஒற்றுமை. ஜென்ஷியனின் வேலையே எச்சிலை ஊறவைப்பதுதான் என்பதை மட்டும் இங்கே கவனிக்க வேண்டும். அதை மென்றவள் நாசூக்காகத் துப்ப முடியாது. வாய் நிறைந்துவிடும்.

இந்தச் செடியோடு அதே மலைச்சரிவில் இன்னொன்றும் வளர்கிறது. வெள்ளை ஹெலிபோர் என்பார்கள். அது விஷம். பூத்துவிட்டால் குழந்தைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். பூக்காத வருடங்களில் இரண்டுக்கும் அதே அகலமான, கோடு கோடான இலை. ஜென்ஷியனின் இலைகள் எதிரெதிராக ஜோடியாக நிற்கும். ஹெலிபோரில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறும். தோண்டுகிறவர் அவசரத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால், வெட்டிக் காயவைத்த பிறகு கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆய்வகத்தில் பிரிக்க வழி இருக்கிறது. ஜென்ஷியன் வேரில் மாவுச்சத்து கிடையாது என்றே சொல்லலாம். மற்றதில் நிறைய உண்டு. ஒரு சொட்டு அயோடின் விட்டால் மற்றது கருநீலமாகிவிடும். ஜென்ஷியன் சும்மா இருக்கும். நாக்குக்கும் வித்தியாசம் தெரியும். ஜென்ஷியன் எவ்வளவு கசந்தாலும் நாக்கை மரக்கச் செய்யாது. ஹெலிபோர் மரக்கச் செய்யும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

எங்கள் மேலதிகாரி ஹெலன். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, வெட்டிய நரைமுடி. ருசி பார்க்கும் நாளில் எங்கள் யாருக்கும் காலை காப்பி கிடையாது. நாங்கள் ஐந்து பேர் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்ததும், ஹெலன் ஒவ்வொருவரிடமும் குனிந்து மூச்சை முகர்ந்து பார்ப்பார். காப்பி வாசனையோ பற்பசை வாசனையோ அடித்தால், ஒரு வார்த்தை பேசாமல் கதவைக் காட்டுவார். தான் பூசியிருக்கும் லிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். பிறகு நகம் அளவு வேர்த்துண்டு ஒவ்வொருவர் தட்டிலும் வரும். ஹெலன் பென்சிலால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். மெல்ல வேண்டும். இரண்டாம் தட்டு. துப்ப வேண்டும். முதலில் அவரே துப்புவார், சத்தமாக, ஒரு லாரி டிரைவரைப் போல. அப்புறம்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும். நன்றாகச் செய்தாய் என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் என் பெயரை முழுதாக, "வசந்தாமணி" என்று, அந்த ஆய்வகத்தில் சொன்ன ஒரே ஆள் அவர். மற்றவர்களுக்கு நான் வாசு.

அவருடைய விதி ஒன்று உண்டு. ஒரு சரக்கில் எல்லாப் பைகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. சில பைகளை எடுத்துப் பார்ப்போம். பார்க்காமல் விட்ட பைகளிலிருந்துதான் மெல்லும் துண்டுகளை எடுப்பார் ஹெலன், ஆளுக்கு ஒரு பை. கண் பார்க்காததை நாக்கு பார்க்கட்டும் என்பது அவர் கணக்கு. அந்த விதியில் ஓட்டை இருந்தது எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

முதல் தடவை அத்தனை பேர் முன்னால் துப்பியபோது எனக்கு உடம்பு கூசியது. எங்கள் வீட்டில் தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். உதடு பட்ட டம்ளரைத் தனியாக வைக்க வேண்டும். எச்சில் கையால் எதையும் தொட்டால் அம்மா கத்துவாள். ஆனால் அந்தக் கூச்சம் சில வாரங்களில் போய்விட்டது. இவர்களுக்குத்தான் எச்சில் என்றால் என்னவென்றே தெரியாதே, இவர்கள் முன்னால் என்ன வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

அந்த நாளுக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா ஒருவர் டெக்சாஸில், ஆலனில் இருக்கிறார். எனக்குச் சின்ன மாமா. நாங்கள் அமெரிக்காவில் இறங்கியபோது விமான நிலையத்துக்குக் குளிர்கோட்டுகளோடு வந்து நின்றவர். என் வீட்டுக்காரருக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர். அவர் வீட்டுக்குப் போனால் அவர் சாப்பிட்டு எழும் வரை நான் தட்டைத் தொடமாட்டேன். அவர் அங்கே வயிற்றுக்கான சொட்டு மருந்து தயாரித்து விற்கும் ஒரு சின்ன கம்பெனி வைத்திருந்தார். அதில் முக்கியச் சரக்கு ஜென்ஷியன். அந்த முறை வாங்கிய வேரை எங்கள் ஆய்வகத்துக்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். சரக்கு பக்கத்துக் கிடங்கில் இருந்தது. சான்று கையில் வந்ததும் லாரியில் ஏற்ற வேண்டியதுதான். இது எதுவும் எனக்குத் தெரியாது. எங்களுக்கு வருவது பை எண் மட்டும்தான்.

காலையில் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், ஹெலனுக்குப் பின்னால் விசிட்டர் பேட்ஜோடு சின்ன மாமா நுழைகிறார்.

"அட! நம்ம அம்மிணி! இங்கயா வேலை பாக்கற?"

"வாங்க மாமா" என்று எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

அவர் ஹெலனிடம் திரும்பி, என்னை மருமகள் என்று பெருமையோடு ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார். சரக்குக்காரர்கள் சோதனையைப் பார்க்க விரும்பினால் ஹெலன் அனுமதிப்பார். ஆனால் உறவு என்று தெரிந்ததும் என்னிடம் குனிந்து, "நீ இன்று விலகிக்கொள்கிறாயா?" என்று மெதுவாகக் கேட்டார். விலகினால் மாமா ஏன் என்று கேட்பார். அப்போது அந்த மேஜையில் என்ன செய்வேன் என்பதை நானே வாயால் சொல்ல வேண்டி வரும். "பரவாயில்லை, இருக்கிறேன்" என்றேன்.

மாமாவுக்கு எனக்கு நேர் எதிரே நாற்காலி போட்டார்கள். மகளின் அரங்கேற்றத்துக்கு வந்த அப்பாவைப் போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். தட்டுகள் வந்தன. பென்சில் தட்டியது. வேரை வாயில் போட்டு மென்றேன். இனிப்பு வந்ததா, கசப்பு எப்போது வந்தது, எதுவும் என் மனதில் பதியவில்லை. மாமா பார்க்கிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது. வாயில் எச்சில் நிறைந்துகொண்டே போனது. இரண்டாம் தட்டு. ஹெலன் துப்பினார். பக்கத்தில் மற்றவர்கள் துப்பினார்கள். நானும் கோப்பையை வாயருகே கொண்டுபோனேன். கோப்பையின் விளிம்புக்கு மேலே மாமாவின் முகம் தெரிந்தது.

விழுங்கிவிட்டேன். எச்சில், சக்கை, எல்லாம்.

வெறும் கோப்பையைக் கீழே வைத்து மூடினேன். "கசப்பு. இயல்பு" என்று ருசியைச் சொன்னேன். இத்தனை வருடம் வளர்த்த நாக்கு அன்று எதையோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

பிறகு மாமாவை அழைத்துக்கொண்டு இடைவேளை அறைக்குப் போனேன். அவர் ஊர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். உதடு குறுகுறுத்தது. தொடர்ந்து சில தும்மல்கள். நாக்கைப் பல்லில் வைத்து அழுத்தினேன்; பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி உணர்ச்சியே இல்லை. காப்பி எடுக்க எழுந்தவள், தாழ்வாரத்திலேயே வாந்தி எடுத்தேன். ஒரு வாய் எச்சிலை மறைக்கப் போனவள், மாமாவின் செருப்பு வரை எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த நேரத்து அவமானத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஹெலன் ஓடிவந்தார். என் கண்களைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார். "விழுங்கினாயா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "பித்தம் கண்ணு, வேறொண்ணுமில்ல. வெறும் வயித்துல கசப்பத் தின்னா இப்படித்தான். அதயே சொல்லீரு. லாரி நிக்குது பாரு."

மாமாவை இதற்காகக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அது பித்தம்தான் என்று அவர் மனதார நம்பினார். லாரியையும் நினைத்தார். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன, அவ்வளவுதான். எனக்கோ அந்த வார்த்தை பெரிய உபகாரமாக இருந்தது. விழுங்கினேன் என்றால் அடுத்த கேள்வி ஏன் என்பது. அதற்கான பதில் என் பக்கத்திலேயே, என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"வெறும் வயிறு" என்றேன் ஹெலனிடம், ஆங்கிலத்தில்.

ஹெலன் என்னை ஒரு நொடி பார்த்தார். தலையசைத்தார். முதலுதவி அறையில் என்னைப் படுக்கவைத்து, வாளி ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சான்றை முடிக்கத் தன் அறைக்குப் போனார். மாமாவும் அவரோடு போனார்.

அந்தக் கட்டிலில் கிடந்தேனே, அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி நின்று நின்று அடித்தது. நாக்கு மரத்திருந்தது. ஜென்ஷியன் நாக்கை மரக்கச் செய்யாது என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தப் பையில் ஹெலிபோர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமா போனில், "ஆமா, இன்னிக்கே ஏத்தீரலாம்" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அந்த வேர் சாறாகி, சின்ன பாட்டிலாகி, வயிறு சரியில்லாத ஏதோ ஒரு கிழவரின் மேஜைக்குப் போகும். அவர் தண்ணீரில் சொட்டுவிட்டுக் குடிப்பார். இவ்வளவும் தெரிந்தே படுத்திருந்தேன். எழுந்து போய்ச் சொன்னால் மாமா முன்னால் பொய்க்காரி ஆவேன், அவரையும் பொய்க்காரர் ஆக்குவேன் என்று யோசித்தேன். உயிரைவிடப் பெரிதா இது என்று இப்போது யாரும் கேட்கலாம். அந்தக் கட்டிலில் அது பெரிதாகத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். ஹெலனின் அறையில் பேனா காகிதத்தின் மேல் இருந்தது. மாமா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"விழுங்கினேன், ஹெலன். நாக்கு மரத்துவிட்டது. சரக்கை விடாதீர்கள்."

"எந்தப் பை?" என்று கேட்டுக்கொண்டே ஹெலன் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பை எண்ணைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிக் கோட்டுப் பையில் வைத்தார். மாமா எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மிணி, வெசமா?" என்றார். "ஐயோ, நாந்தான சொல்லாதன்னு சொன்னேன்!"

ஆம்புலன்ஸில் யாராவது ஒருவர் ஏறலாம் என்றார்கள். மாமா ஏறினார். வழியெல்லாம் எனக்கு வாந்தி. பாத்திரத்தைத் தானே வாங்கி என் வாயருகே பிடித்துக்கொண்டார். தன் கைக்குட்டையால் என் வாயைத் துடைத்துவிட்டார். "துப்பு கண்ணு, நல்லாத் துப்பு, வெளிய வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எவர் முன்னால் துப்பக் கூடாதென்று விழுங்கினேனோ அவர் கை முழுக்க என் எச்சில். அவருக்கு அதில் ஒரு அருவருப்பும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பை ஏற்றும் மருந்தை ஊசியில் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் நாடி சீரானது. மறுநாள் ஹெலன் வந்தார். கையில் பூ கிடையாது, பழம் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததைச் சொன்னார். அந்தப் பையை வெள்ளைத் துணியில் கொட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்து, புதிதாக வெட்டிய பக்கத்தில் அயோடின் விட்டுப் பார்த்திருக்கிறார். பெரும்பாலானவை சும்மா இருந்தன. ஒரு கைப்பிடி கருநீலமானது. மற்றப் பைகளையும் அதே மாதிரி பார்க்க ஆள் போட்டுவிட்டு வந்திருந்தார். சரக்கு முழுவதையும் நிராகரிக்க மாமாவே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"மைக்ராஸ்கோப் பார்க்காததை வாயில் வைக்கச் சொன்னது என் தப்பு" என்றார். "இனி அந்த விதி இல்லை. விழுங்கியது உன் தப்பு. ஏன் விழுங்கினாய், வசந்தாமணி?"

பசி என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். எதிரே இருந்தவர் என் கணவரின் சித்தப்பா. எங்களில் அப்படிப்பட்ட பெரியவர் முன்னால் எச்சில் துப்பக் கூடாது. துப்புவது அவரை அவமதிப்பது. மரியாதை என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களையும் போட்டேன்.

ஹெலன் கவனமாகக் கேட்டார். கேலி செய்யவில்லை.

"நானும் உன்னைவிட மூத்தவள்தான். இத்தனை வருடம் என் முன்னால் துப்பினாயே."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஏதோ விட்டுப்போனதை நினைவுபடுத்துகிற மாதிரி சொன்னார். வேலை என்று சொல்லியிருக்கலாம்; அது உண்மையும்கூட. ஆனால் அது முழு உண்மை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். என் பெயரை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொண்ட அந்த அம்மாளை, வெட்கப்பட வேண்டிய மனுஷர்களின் வரிசையில் நான் வைக்கவே இல்லை. வீட்டில் பேசும்போதுகூட 'ஹெலன் வந்தா, ஹெலன் போனா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், என்னைக் காப்பாற்ற வேண்டி அவரே எழுந்துகொண்டார். போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துவிட்டு, "தூங்கு" என்று சொல்லிப் போய்விட்டார்.

அதன் பிறகு ஆய்வகத்தில் அந்தப் போஸ்டர் வந்தது. உறவுக்காரர்களிடம் கதை வேறு மாதிரி போனது. ஆலனில் ஒரு கல்யாண வரவேற்பில் சின்ன மாமா என் கையைப் பிடித்து நாலு பேர் நடுவில் நிறுத்தி, "நம்ம அம்மிணி உசுரப் பணயம் வச்சு வெசத்தக் கண்டுபுடிச்சாளாக்கும்" என்றார். எல்லாரும் பாராட்டினார்கள். உண்மையில் ஒழுங்காகத் துப்பி, நாக்கு மரத்தவுடன் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், யார் உயிரும் பணயத்துக்குப் போயிருக்காது. 'வெறும் வயிறு' என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இன்றுவரை இருவரும் அதைத் தொட்டதில்லை. பாராட்டுக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

உடம்பு தேறி வேலைக்குப் போனேன். முதல் ருசி நாள். மூச்சை முகர்ந்து பார்த்தார் ஹெலன். லிப்ஸ்டிக்கைத் துடைத்தார். மைக்ராஸ்கோப் பார்த்து முடித்த பைகளிலிருந்து துண்டுகள் வந்தன. முதல் தட்டு. மென்றேன், முதலில் இனிப்பு, பிறகு கசப்பு, எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாம் தட்டு. அவர் துப்பினார், வழக்கம்போலச் சத்தமாக. மற்றவர்கள் துப்பினார்கள். நான் கோப்பையைத் தூக்கியபோது, ஹெலன் நாற்காலியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கார் நிறுத்தும் இடத்தைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. நான் துப்பி, கோப்பையை மூடி, மேஜையில் வைத்த சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார். என்னைப் பார்க்காமல், அடுத்த தட்டு என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படித்தான். எனக்கு அவர் மரியாதை செய்தாரா, தனக்கு வர வேண்டிய மரியாதையை இப்படி வாங்கிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வரவில்லை. வேண்டாம், திரும்புங்கள் என்று சொன்னால், உங்கள் முன்னால் எனக்கு வெட்கமில்லை என்று பழையபடி சொன்னதாகிவிடுமோ என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தால், என்னைவிட மூத்த ஒருவர் எனக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முன் எங்களுடைய கடைசி ருசி நாளும் வந்தது. இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே போனேன். ஹெலன், நீங்கள் திரும்ப வேண்டாம், உங்கள் முன்னால் எனக்கும் கூச்சம் உண்டு, அதோடுதான் துப்புகிறேன். இவ்வளவுதான். காரில் வரும்போது ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பென்சில் தட்டியது. எல்லாரும் துப்பினார்கள். ஹெலன் ஜன்னல் பக்கம் திரும்பினார். எனக்கு வாய் நிறையச் சக்கையும் எச்சிலும். துப்பிவிட்டுச் சொல்லலாம் என்று துப்பினேன். அதற்குள் அவர் அடுத்த தட்டுக்குப் பென்சிலை எடுத்துவிட்டார்.